உப்புத்தண்ணீர் பாட்டில்

என் இடது கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஆம்பூரில் கேட்காத ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கேட்கிறார்கள், ரேஷன் கடையில் கேட்கிறார்கள், கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி கேட்கிறார். கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருந்தாலும் பரவாயில்லை. தோல் பதனிடும் டேனரித் தண்ணீர்தான் காரணம் என்கிறார் ஒருவர். செல்போன் என்கிறார் இன்னொருவர். திருஷ்டி என்று எலுமிச்சம்பழத்தோடு வீட்டுக்கே வந்தவரும் உண்டு. காவேரிப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த என் மகள், பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடச் சொல்லி தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறாள். அலுத்துப்போய்விட்டது. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இதை நீட்டிவிடுவதாக உத்தேசம்.

ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷமாக வேலை செய்கிறேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து முடித்ததும் என் மேசைக்கு வரும். தையல் நேராக ஓடுகிறதா, நூல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் உண்டா என்று பார்த்து, சரியில்லாததைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். செக்கிங் என்பார்கள். என் கண்ணைத் தாண்டி ஒரு கோணல் தையல் கப்பலேறியதில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன வெயில் காலத்தில் ஒரு நாள் வந்த துண்டெல்லாம் கோணலாக இருந்தது. நேராகப் போய்க்கொண்டிருக்கும் தையல் நடுவில் வந்ததும் வயிறு தள்ளியது. தைத்த பெண்களைத் திட்டித் தீர்த்தேன். என் பக்கத்து மேசை நசீமா, அதே வரிசையில் எனக்குச் சமமாக வேலை பார்ப்பவள், நான் ஒதுக்கிய துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இதுல இன்னா தப்பு வசந்தி? நல்லாத்தானே இருக்கு."

"உனக்குத் தெரியலியா? வளைஞ்சிருக்கு பாரு."

அவள் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் தையல் மேல் வைத்தாள். நான் குனிந்து பார்த்தேன். ஸ்கேலும் வளைந்திருந்தது.

இப்படித்தான் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தோம். கண்ணுக்குப் போனவர்களுக்குத் தெரியும், முதலில் ஒரு சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்பார்கள். கண் பாப்பா விரிந்து எல்லாம் மசமசவென்று ஆகிவிடும். அப்புறம் எதிரே பலகையில் உங்கள் டோக்கன் நம்பர் வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். எதைக் கொண்டு பார்ப்பது? அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் பக்கத்தில் இருப்பவரை "இப்ப எந்த நம்பர் ஓடுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்தவருக்கும் மருந்து விட்டிருந்தார்கள். ஒரு நாள் லீவு போட்டு நசீமா கூட வந்தாள், அன்றைக்கு மட்டும் நிம்மதி. அவள் பலகையையும் படித்தாள், எனக்கு முன்னால் நுழையப் பார்த்த இரண்டு பேரையும் வெளியே இழுத்தாள்.

கண் டாக்டரம்மா நிதானமானவர். உடம்பு எதையாவது எதிர்த்துச் சண்டை போடும்போது அந்த இடம் சிவக்கும், வீங்கும், வலிக்கும், அதற்கு அழற்சி என்று பெயர் என்றார். என் உடம்பு அந்தச் சண்டையைக் கண்ணுக்குள்ளே நடத்திக்கொண்டிருந்தது. கண்ணின் பின்பக்கம் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதன் நடுவில் நீர் கோத்துக்கொண்டதால் நேர்கோடு வளைந்து தெரிகிறதாம். சொட்டு மருந்து முன்பக்கத்துக்கு மட்டும்தான் எட்டும். பின்பக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை வேண்டும்.

"அப்ப குடுத்துடுங்க மேடம்," என்றேன்.

"குடுக்கறதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க," என்றார்.

கண்ணைக் காட்ட வந்தவளை நெஞ்சைப் படம் எடுக்க அனுப்பினால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கு வந்தது. படம் வந்ததும் எரிச்சல் போய்ப் பயம் வந்துவிட்டது. நெஞ்சுக்குள்ளே மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள், அங்கேயும் சுண்டைக்காய் அளவில் ஒன்று இருந்தது. அது எப்போது வந்ததென்று எனக்கே தெரியாது.

நெஞ்சு டாக்டர் இளைஞர், வேகமாகப் பேசுபவர். இரண்டில் ஒன்றாக இருக்கும் என்றார். ஒன்று காசநோய். இன்னொன்று சார்காய்டோசிஸ், கிருமியே இல்லாமல் உடம்பு தானாக இப்படி நெறியெல்லாம் வீங்கிக்கொள்கிற நோய். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வைத்தியம்தான் நேர் எதிர். சார்காய்டோசிஸுக்கு ஸ்டீராய்டு, அது உடம்பின் சண்டையை அடக்கும். காசநோயாக இருந்து, தெரியாமல் ஸ்டீராய்டைக் கொடுத்துவிட்டால் காவலை விலக்கிவிட்டுத் திருடனைக் கூப்பிட்ட கதைதான், கிருமி உடம்பெல்லாம் பரவிவிடும். எது என்று தெரிய சதைத்துண்டு ஒன்று எடுத்துச் சோதிக்க வேண்டும். பயாப்சி.

"சீக்கிரம் எடுங்க," என்றார் கண் டாக்டரம்மா. "நீர் ரொம்ப நாள் நின்னா அந்த இடம் தழும்பாயிடும். தழும்பானா அப்புறம் எந்த மருந்தும் கேக்காது."

வேலூரில் தேதி கிடைக்க பத்து நாள் ஆகும் என்றார்கள். ஆம்பூரிலேயே ஒரு நர்சிங் ஹோமில் மறுநாளே எடுத்துக்கொள்ளலாம், துண்டை மட்டும் வேலூர் லேபில் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று முடிவாயிற்று. எல்லோரும் சம்மதித்தார்கள். நானும்தான்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஏழுமலை. ஒரு டேனரியில் பச்சைத்தோல் வாங்கி இறக்குகிற பிரிவில் இருக்கிறார். உரித்த தோல் லாரியில் வந்ததும் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, எது தாங்கும், எது அழுகும் என்று சொல்லிவிடுவார். உப்பு கம்மியாகப் போட்ட தோலை ஒரு பகல் வெயிலில் விட்டால் முடி கையோடு வந்துவிடும் என்று எனக்கே நூறு தடவை சொல்லியிருக்கிறார். வேலையில் கெட்டிக்காரர். வீட்டில் நான் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது திட்டுவேன், காதில் வாங்க மாட்டார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

கழுத்தில் மரக்க ஊசி போட்டு அந்தச் சுண்டைக்காயை எடுத்தார்கள். வலி பெரிதாக இல்லை, இழுக்கிற மாதிரி இருந்தது. துண்டை இரண்டாக வெட்டி இரண்டு சிறு பாட்டில்களில் போட்டார்கள். நம் பக்கத்தில் இதையெல்லாம் வீட்டார்தான் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். நர்ஸ் தெளிவாகத்தான் சொன்னாள், நானும் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நெடி அடிக்குதே, இது ஃபார்மலின். இன்னொண்ணு வெறும் உப்புத்தண்ணி, கல்ச்சருக்கு. ரெண்டையும் அப்டியே கொண்டுபோய் குடுத்துடுங்க."

"உப்புத்தண்ணின்னா எவ்ளோ உப்பு?" என்று கேட்டார் அவர்.

நர்ஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பதில் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்குப் பார்த்துப் பள்ளிகொண்டாவுக்கு அப்பால் ஒரு லாரி குறுக்கே விழுந்து அவர் போன பஸ் நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றதாம். அவர் மடியில் துணிப்பை, பைக்குள் பாட்டில்கள். எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். ஃபார்மலினில் இருந்த துண்டு கெட்டியாக இருந்தது. அந்த நெடி அவருக்குப் பழக்கம், டேனரியிலும் உண்டு. உப்புத்தண்ணீரில் இருந்ததோ வெளிறிக்கொண்டே வந்திருக்கிறது. பாட்டில் கையில் சுட்டிருக்கிறது. இந்த உப்பு போதாது, இது வேலூர் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும் என்று தீர்மானித்துவிட்டார். மூடியைத் திறந்து அந்தத் துண்டையும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் போட்டு இறுக்கி மூடிவிட்டார்.

லேப் கவுண்டரில் "இன்னொரு பாட்டில் காலியா இருக்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். "ரெண்டும் இதுலயே பத்திரமா இருக்கு," என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்தவர் சீட்டில் என்னவோ எழுதிக்கொண்டு, டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட் வந்ததும் பார்க்கத்தானே போகிறோம் என்று இவர் பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார். "நல்லவேள நான் கூட இருந்தேன். வேற யாராச்சும் எடுத்துனு போயிருந்தா கெட்டுப்போயிருக்கும்."

சாமர்த்தியம்தான் என்று நானும் சொன்னேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட். நெஞ்சு டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் சதையில் கிரானுலோமா இருக்கிறது என்றார். உடம்பால் ஒன்றைக் கொல்ல முடியாவிட்டால் அதைச் சுற்றிச் சுவர் கட்டிவிடும். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சின்ன உருண்டையாகிவிடும். அந்த உருண்டைக்குத்தான் அந்தப் பெயர். காசநோயில் பெரும்பாலும் உருண்டையின் நடுப்பகுதி செத்துப் பாலாடைக்கட்டி மாதிரி ஆகியிருக்கும். என்னுடையதில் அப்படி இல்லை. ஆனால் ஆரம்பக் காசநோயிலும் சில சமயம் அப்படி இருக்காதாம்.

"சுவர் இருக்கு, உள்ள ஆள் இருக்கானான்னு தெரியல," என்றார். "கல்ச்சர் போட்டா தெரியும். துண்டை வெச்சு கிருமி வளருதான்னு பாக்கறது. கிருமியோட மரபணு இருக்கான்னும் அந்தத் துண்டுலயே ரெண்டு நாள்ல பாத்துடலாம். அந்த ரிப்போர்ட் எங்க?"

வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். பாதி சொல்லும்போதே டாக்டரின் முகம் மாறிவிட்டது. நிறுத்தியிருக்கலாம். பஸ், வெயில், லாரி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"ஐயா, ஃபார்மலின்ல போட்டா கிருமி செத்துடும். செத்த கிருமி எப்டி வளரும்? மரபணுவும் கெட்டுடும். அதுக்குத்தானே உப்புத்தண்ணியில தனியா குடுத்தாங்க."

முப்பது வருஷமாகச் சதையில் எதுவும் உயிரோடு இருந்துவிடக் கூடாது என்று பாடுபட்ட மனுஷன் அவர். அங்கே உயிரோடு வேண்டியிருந்தது. இதை இப்போது பொறுமையாக எழுதுகிறேன். அன்றைக்கு வராந்தாவில் நான் பேசியதை முழுதாக எழுத முடியாது. காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னதைச் செய்யத் தெரியாதா உனக்கு? அது இன்னா மாட்டுத்தோலா?"

அவர் வழக்கம் போல் காதில் வாங்காமல் நிற்பார் என்று நினைத்தேன். "உன் சதை அது வசந்தி," என்றார். "வெள்ளையா போய்னே இருந்துச்சு. கண்ணெதிர அழுகட்டும்னு எப்டி சும்மா உக்கார்றது?"

எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்திதான் ஆயிற்று.

கழுத்தில் எடுக்க வேறு நெறி இல்லை. இந்தத் தடவை நெஞ்சுக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்குத் தேதி கிடைக்க ஒன்பது நாள். கண்ணோரமாக ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடலாமா என்று கண் டாக்டரம்மா யோசித்தார், காசநோயாக இருந்தால் ஆபத்து என்று விட்டுவிட்டார். அந்த ஒன்பது நாளும் தினம் காலையில் எழுந்ததும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்ப்பேன். முதலில் வளைந்திருந்தது. அப்புறம் நடுவில் சாம்பல் நிறமாக ஒரு பொட்டு வந்தது. அந்தப் பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு, அந்தக் கண்ணால் யாரைப் பார்த்தாலும் காதும் தலைமுடியும் தெரியும், முகம் இருக்காது. கம்பெனியில் என்னை செக்கிங்கிலிருந்து எடுத்துவிட்டுப் பேக்கிங்கில் போட்டார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று மேனேஜர் சொன்னார். கொஞ்ச நாளைக்கு என்றால் என்னவென்று அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

தேதி வந்த அன்று, ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் ஒரு கட்டுத் தாளோடு என் கட்டிலுக்கு வந்தாள். எடுக்கும் துண்டில் கூடுதலாகத் துளி ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டாள். கண் போய்க்கொண்டிருக்கிற என்னிடம் பொடி எழுத்தில் எட்டுப் பக்கம் நீட்டுகிறார்கள். நீயே படி என்றேன். படித்தாள். கிருமியே இல்லாதபோது உடம்பு ஏன் இப்படிச் சுவர் கட்டுகிறது, எந்தச் செல் முதலில் கூப்பாடு போடுகிறது, கட்டியதை நிறுத்தச் சொல்லும் உத்தரவு ஏன் வருவதில்லை என்றெல்லாம் தேடுகிறார்களாம்.

"உங்களுக்கே தெரியாதா?" என்றேன்.

"தெரியாதும்மா. தெரிஞ்சா எதுக்கு உங்களைத் தொந்தரவு பண்றேன்," என்றாள்.

அத்தனை நாளில் ஆஸ்பத்திரியில் ஒருவர் தெரியாது என்று நேராகச் சொன்னது அப்போதுதான். கையெழுத்துப் போட்டேன். கட்டில் ஓரம் நின்ற என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "நீங்க எடுக்கறது எதுல போடுவீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாது. உடனே உறைய வைத்துவிடுவோம், தாமதித்தால் செல்கள் மாறிவிடும் என்றாள். "தோல் உரிச்சதும் அதேதான்," என்றார் இவர். பச்சைத்தோல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அவள் கேட்க, இவர் சொல்ல, இருவரும் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெறும் வயிற்றோடு கட்டிலில் கிடந்தேன்.

அந்தச் சோதனையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை அடிப்பார்கள், நாக்கு மரத்துவிடும். அரைத் தூக்கத்துக்கு ஊசி போடுவார்கள். நுனியில் ஸ்கேன் பொருத்திய ஒரு மெல்லிய குழாயை வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் விட்டு, அங்கிருந்து ஊசியால் நெறியைக் குத்தி எடுப்பார்கள். மூச்சு நின்றுவிடும் போல இருமல் வரும். நிற்காது. யாரோ ஒரு நர்ஸ் என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. முடிந்ததும் பாட்டில்களை அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். வெளியே நின்ற வீட்டுக்காரர், பாட்டில் தன்னைக் கடந்து போகும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாராம். அன்றும் லீவு போட்டு வந்திருந்த நசீமா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிருமியின் மரபணுவைத் தேடுகிற சோதனை இரண்டே நாளில் வந்தது. காசநோய் இல்லை. கல்ச்சர் முழுதாக முடிய ஆறு வாரம் ஆகும், அதுவரை கண் தாங்காது என்று டாக்டர்கள் இருவரும் பேசி ஸ்டீராய்டை ஆரம்பித்தார்கள். ஆறு வாரம் கழித்தும் எதுவும் வளரவில்லை. சார்காய்டோசிஸ்தான். ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும், முகத்தை வீங்க வைக்கும், கோபத்தைக் கூட்டும். கடைசியாகச் சொன்னதை வீட்டுக்காரரிடம் டாக்டர் விளக்கியபோது, அவர் "சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

நெஞ்சில் நெறி சுருங்கிவிட்டது. கண்ணில் நீர் வற்றிவிட்டது. சாம்பல் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துக் காட்டப் போனோம். வீட்டுக்காரர் மாத்திரை வாங்க கீழே போயிருந்தார். டாக்டரம்மா திரையில் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டி, தழும்பு விழுந்துவிட்டது, இதற்கு மேல் அந்தக் கண் தெளியாது என்றார். செக்கிங் வேலை இனி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்டேன்.

"மொதல் துண்டுலயே தெரிஞ்சிருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாது வசந்தி. ஆனா அந்த ரெண்டு மூணு வாரத்துலதான் ரொம்ப மோசமாச்சு. முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா இவ்ளோ தழும்பு ஆகியிருக்காதுன்னுதான் நெனைக்கிறேன்."

வீட்டுக்காரர் மாத்திரைப் பையோடு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. "இன்னா சொன்னாங்க?"

"தழும்பாம். நாம இங்க வர்றதுக்கு முன்னாடியே ஆனதாம்," என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவர் வாங்கி வந்த மாத்திரையில் ஒன்று பாதி அளவுதான் இருந்தது, திரும்பப் போய் மாற்றி வந்தார். குடையைக் கடையிலேயே விட்டுவிட்டார், அதற்கும் ஒரு தடவை போனார். திருப்பத்தூர் பஸ் ஒன்று எங்களை விட்டுவிட்டுப் போனது. அடுத்ததில் ஏறி உட்கார்ந்தோம். சத்துவாச்சாரிப் பக்கம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய கூட்டம் ஒன்று முன்சீட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வந்ததும் அவர் சொன்னார். "காலையிலருந்து நீ என்னைய ஒரு வார்த்த கூட திட்டல."

"இன்னாத்துக்குத் திட்டணும்?"

"மாத்திர தப்பா வாங்குனேன். கொடைய மறந்தேன். பஸ்ஸ விட்டேன். டாக்டரம்மா இன்னா சொன்னாங்க வசந்தி? நெஜத்த சொல்லு."

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் திட்ட ஆரம்பித்தேன். பாட்டிலுக்குத் திட்டினேன், லேபில் காலி பாட்டில் என்று சொன்ன பிறகும் பஸ் ஏறியதற்குத் திட்டினேன், சாமர்த்தியம் என்று சொன்ன என்னையும் சேர்த்துத் திட்டினேன். முன்சீட்டுக் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. மாதனூர் தாண்டியும் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் அழுதாரா என்று தெரியாது. என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார், அந்தப் பக்கம் எனக்கு முகம் தெரிவதில்லை. தலையைத் திருப்பியிருந்தால் வலது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். நான் திருப்பவில்லை.